இப்னு சீனாவின் நாய்களும் பாவ்லோவின் நாய்களும்

கல்லெடுப்பவன்போல் ஒருவன் குனிந்தால் தெருநாய் ஓடிவிடுகிறது. அவன் கையில் கல் இல்லை, எறியவும் இல்லை. ஆயினும் நாய் நிற்பதில்லை. எங்கள் மல்லசமுத்திரத்துத் தெருவிலும் இது நடக்கிறது. உலகின் எந்தத் தெருவிலும் நடக்கிறது. புளியங்காய் என்னும் சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் நாவில் நீர் ஊறுவதும் இவ்வகையினதே. சொல்லில் புளிப்பு இல்லை. எனினும் வாய் அதற்கு விடையளிக்கிறது. சூடு கண்ட பூனை அடுப்பங்கரையை நாடாது என்று நம் பாட்டிமார் சொல்லி வைத்ததும் இதைத்தான்.

அன்றாடம் காண்பதாலேயே நாம் வியக்க மறந்த இந்நிகழ்ச்சிகளுக்குள் ஒரு விதி ஒளிந்திருக்கிறது. அதனை ஆராய்ந்தவர்களின் வரலாறு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு நீளமுடையது. அவ்வரலாற்றின் முற்பகுதி அரபு நூல்களில் உள்ளது. பிற்பகுதி ரஷ்யாவிலும் அமெரிக்காவிலும் நடந்தேறியது. முற்பகுதியைப் படித்தவர் பிற்பகுதியை அறிவதில்லை. பிற்பகுதியைப் படித்தவர் முற்பகுதியைக் கேள்விப்பட்டதுமில்லை. இரண்டையும் ஒருசேர வைத்துப் பார்க்க வேண்டிய தேவை நம் குடும்பங்களுக்கு உண்டு. ஏனெனில் அது நம் பிள்ளைகள் அலிஃப், பே ஓதும் இடத்தைப் பற்றியதாகும்.

ஷைகுர் ரயீஸ் கண்டது

புகாராவை அடுத்த அஃப்ஷனாவில் 980ஆம் ஆண்டு பிறந்து, 1037இல் ஹமதானில் மறைந்த இப்னு சீனாவை மருத்துவ மேதையாக நாம் அறிவோம். அவருடைய ‘அஷ்ஷிஃபா’ என்னும் பெருநூல் மருத்துவம் பற்றியதன்று. தத்துவக் கலைகளின் தொகுப்பு. அதில் ஆன்மாவைப் பற்றிய பகுதி ‘அந்நஃப்ஸ்’ எனப்படும். பன்னிரண்டாம் நூற்றாண்டில் தொலேதோ நகரில் அது இலத்தீனில் பெயர்க்கப்பட்டு, ஐரோப்பியக் கல்விக்கூடங்களில் பாடமாயிற்று.

விலங்குகளிடம் அறிவு இல்லை. பின் எதைக்கொண்டு அவை நன்மை தீமையை உணர்கின்றன? இவ்வினாவுக்கு விடையாக ‘வஹ்ம்’ என்னும் ஓர் உள்ளாற்றலைப் பற்றி இப்னு சீனா பேசுகிறார். கண்ணுக்குத் தெரியும் வடிவத்தினின்று கண்ணுக்குத் தெரியாத பொருளைப் பற்றிக்கொள்ளும் ஆற்றல் அது. இது இரு வழிகளில் செயல்படுகிறது என்கிறார்.

முதல் வழி இறைவன் படைப்பிலேயே வைத்தது. பிறந்த குழந்தை தாயின் மார்பைப் பற்றுகிறது. விழப்போகும் குழந்தை எதையேனும் பிடித்துக்கொள்ளப் பார்க்கிறது. கண்ணருகே துரும்பு வந்தால், என்னவென்று அறியுமுன்பே இமை மூடிக்கொள்கிறது. ஓநாயை அதற்குமுன் கண்டறியாத ஆடும் ஓநாயைக் கண்டு அஞ்சுகிறது. இவற்றுக்குப் பயிற்சி வேண்டியதில்லை.

இரண்டாம் வழி அனுபவம். ஒரு விலங்குக்கு வலியோ இன்பமோ நேரும்போது, அதனோடு கூட ஒரு வடிவமும் அதன் புலனில் பட்டிருக்குமாயின், வடிவமும் வலியும் இணைந்தே நினைவில் பதிகின்றன. பின்னொரு நாள் அவ்வடிவம் மட்டும் வெளியே தோன்றினாலும், உள்ளே வலியின் நினைவும் உடன் எழுகிறது. இதற்கு அவர் தந்த சான்று என்ன தெரியுமா? நாய்தான்! மண்ணாங்கட்டியையும் மரக்கழியையும் கண்டு நாய்கள் அஞ்சுவது இதனாலேயே என்கிறார்.

இயல்பாக எழுவது ஒன்று; இணைப்பால் எழுவது மற்றொன்று. இந்தப் பாகுபாட்டை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறேன். பின்னர் வரப்போகும் ரஷ்ய அறிஞரின் ஆய்வுக்கும் இதுவே அடித்தளம்.

பாம்பும் வரிக்கயிறும்

இப்னு சீனா மறைந்து இருபத்தோராண்டு கழித்துத் தூஸ் நகரில் பிறந்தவர் இமாம் கஸ்ஸாலி (ரஹ்). தத்துவவாதிகளோடு வாதிட்ட அவர், அவர்களுடைய உள நூலில் பயனுள்ளதை ஒதுக்கிவிடவில்லை. மறைவதற்கு இரண்டாண்டுகளுக்கு முன், 1109இல் (ஹிஜ்ரி 503) முடித்த ‘அல்முஸ்தஸ்ஃபா’ சட்டமூலக் கலையின் தலையாய நூல்களுள் ஒன்று. செயல்களை நல்லவை, தீயவை என்று மனிதன் எதைக்கொண்டு தீர்மானிக்கிறான் என்பதை ஆராயுமிடத்தில்தான் அவர் பாம்பையும் கயிற்றையும் கொண்டுவருகிறார்.

பாம்பு கடித்தவன் பல நிறம் கலந்த கயிற்றைக் கண்டாலும் வெருண்டு விலகுகிறான். பாம்பு வரியுடையது என்பது உண்மை. வரியுடையதெல்லாம் பாம்பு என்பது உண்மையன்று. ஆனால் வஹ்ம் இவ்வேறுபாட்டைப் பொருட்படுத்துவதில்லை. ஒன்றோடு ஒன்று சேர்ந்து வந்ததைக் கண்டவுடன், இதுவரும்போதெல்லாம் அதுவும் வரும் என்று தலைகீழாகவும் முடிவு செய்துவிடுகிறது. விருப்பத்திலும் இதுவே நிலை. அன்புக்குரியவர் வாழ்ந்த வீட்டின் சுவர்மீதுகூட ஒருவனுக்கு அன்பு உண்டாகிறது. சுவர் அவனுக்கு எந்த நன்மையும் செய்ததில்லை.

இமாமவர்களின் கூர்மை இன்னுமொரு படி மேலே செல்கிறது. பொய்யென்று அறிவு உறுதியாக அறிந்த பின்பும் வஹ்ம் அடங்குவதில்லை என்கிறார். மய்யித்து எழுந்து வராது என்பது எல்லாருக்கும் தெரியும். ஆயினும் மய்யித்தோடு ஓர் அறையில் தனித்து உறங்க எத்தனை பேர் துணிவர்?

‘அல்இக்திஸாத்’ என்னும் நூலில் அவர் காட்டும் சான்று சமுதாயத்திற்கே கண்ணாடி பிடிப்பது. முஃதஸிலா கொள்கையுடைய பாமரன் ஒருவனிடம் தெளிவான கருத்தொன்றைச் சொன்னால் உடனே ஏற்றுக்கொள்வானாம்; இது அஷ்அரியின் கொள்கை என்று சொன்ன மறுகணமே மறுத்துவிடுவானாம். கருத்து மாறவில்லை, பெயர் ஒன்று அதனோடு ஒட்டப்பட்டது. வெறுப்போடு சேர்த்துச் சேர்த்துச் சொல்லப்பட்ட பெயர் தானே வெறுப்பை எழுப்ப வல்லதாகிவிடுகிறது. ஒரு சமுதாயத்தின் பெயரைத் திரும்பத் திரும்ப அச்சத்தோடு சேர்த்து உச்சரித்தால் என்ன விளையும் என்பதை இக்காலத்து வாசகருக்கு விளக்கவேண்டியதில்லை.

இங்கே ஒன்று குறிப்பிடத்தக்கது. பஞ்சும் நெருப்பும் சேரும்போது எரிவதை நாம் காண்கிறோம். சேர்ந்து நிகழ்வதைத்தான் காண்கிறோமேயன்றி, ஒன்று மற்றதை விளைத்தே தீரும் என்னும் கட்டாயத்தைக் காண்பதில்லை என்று ‘தஹாஃபுத்’ நூலில் வாதிட்டவரும் இதே இமாம்தான். பருத்தி ஏலம் நடக்கும் எங்கள் ஊரில் இவ்வுதாரணம் எளிதில் புரியும். சேர்ந்து வருதலை மனம் எவ்வாறு கட்டாயமாக ஆக்கிக்கொள்கிறது என்பது அவரை வாழ்நாளெல்லாம் ஈர்த்த வினா எனலாம்.

ரியாசான் பாதிரியாரின் மகன்

எட்டு நூற்றாண்டுகள் கடந்து ரஷ்யாவுக்கு வருவோம். இவான் பாவ்லோவ் 1849இல் ரியாசான் நகரில் ஒரு பாதிரியாரின் மகனாகப் பிறந்தார். சமயக் கல்விக்கூடத்தில் பயின்று, 1870இல் அதைவிட்டுப் புனித பீட்டர்ஸ்பர்க் பல்கலைக்கழகத்திற்கு இயற்கை அறிவியல் பயிலச் சென்றார். அவர் ஆராய்ந்தது மனத்தையன்று, வயிற்றை! செரிமான நீர்கள் சுரக்கும் முறையைக் கண்டறிந்ததற்காக 1904இல் அவருக்கு நோபல் பரிசு கிட்டியது.

அவ்வாராய்ச்சியின் நடுவே ஒரு தொல்லை குறுக்கிட்டது. உணவு வாயில் பட்டால் நாய்க்கு உமிழ்நீர் சுரக்கவேண்டும்; அது இயற்கை. ஆனால் நாய்களுக்கோ உணவுத் தட்டைக் கண்டபோதே சுரந்தது. உணவு கொண்டுவரும் பணியாளின் காலடியோசை கேட்டபோதே சுரந்தது. வேறொருவராயின் ஆய்வைக் கெடுக்கும் குறையென்று இதை ஒதுக்கியிருப்பார். பாவ்லோவோ செரிமானத்தை விட்டுவிட்டு, எஞ்சிய முப்பதாண்டுக்கும் மேற்பட்ட வாழ்வை இதற்கே ஈந்தார்.

நாயின் கன்னத்தில் சிறு துளையிட்டு, உமிழ்நீர்க் குழாயை வெளிப்புறம் திருப்பிவிட்டனர். சுரக்கும் நீரைச் சொட்டுச் சொட்டாக எண்ண முடிந்தது. உணவுக்குச் சற்று முன்னர், தாளம் தட்டும் மெட்ரோனோம் கருவியையோ விளக்கொளியையோ வேறோர் ஒலியையோ தந்தனர். பாவ்லோவ் என்றாலே மணி என்று பலரும் நினைப்பர். மணி அவர் கையாண்ட பலவற்றுள் ஒன்றே. இவ்வாறு பலமுறை செய்தபின், உணவே தராமல் தாளத்தை மட்டும் ஒலிக்கச் செய்தாலும் உமிழ்நீர் சுரந்தது.

இதற்கு நம் கல்வி உளவியல் நூல்கள் ஆக்கநிலையுறுத்தல் என்று பெயர் தருகின்றன. உணவு இயற்கைத் தூண்டல். அதற்கு உமிழ்நீர் இயற்கைத் துலங்கல். தாளவொலி முதலில் பொருளற்றது. உணவோடு இணைந்த பின் ஆக்கநிலைத் தூண்டலாகிறது. அதற்குச் சுரக்கும் நீர் ஆக்கநிலைத் துலங்கல். இப்னு சீனா சொன்ன இரு வழிகளும் இங்கே ஆய்வுக்கூடத்தில் வந்து நிற்பதைக் காணலாம்.

அப்படியானால் பாவ்லோவ் புதிதாகக் கண்டதென்ன? இதை நேர்மையோடு சொல்லவேண்டும். எல்லாவற்றையும் நம் முன்னோர் என்றோ கண்டுவிட்டனர் என்று மார்தட்டுவது அறிவுக்கு அழகன்று. இப்னு சீனா கண்டார், அளக்கவில்லை. கஸ்ஸாலி (ரஹ்) மனித உள்ளத்தின் ஆழத்தில் அதைப் பொருத்திக் காட்டினார்; சோதிக்கவில்லை. பாவ்லோவ் சொட்டுகளை எண்ணினார். எண்ணியதால் மேலும் சில விதிகள் புலப்பட்டன.

தாளத்தை மட்டும் பலமுறை ஒலித்து உணவைத் தராவிட்டால் சுரப்பு படிப்படியாகக் குறைந்து நின்றுவிடுகிறது. ஆனால் அழிந்துபோவதில்லை; சில காலம் ஓய்வுக்குப் பின் மீண்டும் தலைகாட்டுகிறது. ஒரு தாளத்துக்குப் பழகிய நாய் அதையொத்த தாளத்துக்கும் துலங்குகிறது. வரிக்கயிறு பாம்பாகத் தோன்றுவது இதனால்தான். ஒன்றுக்கு உணவு, மற்றதற்கு இல்லை என்று பயிற்றினால் இரண்டையும் பிரித்தறியவும் கற்கிறது.

1924ஆம் ஆண்டு செப்டம்பரில் லெனின்கிராடு நகரில் பெருவெள்ளம் வந்தது. ஆய்வுக்கூடத்து நாய்கள் கூண்டுகளில் கழுத்தளவு நீரில் தத்தளித்து, நீந்தவைத்து மீட்கப்பட்டன. உயிர் பிழைத்த நாய்களுள் சில, நெடுநாள் கற்றிருந்தவற்றை இழந்திருந்தன. மெல்ல மெல்ல ஒரு நாயை மீண்டும் பழக்கியபின், கதவின் அடியில் சிறிதளவு நீரை ஓசையின்றிக் கசியவிட்டனர். அவ்வளவுதான், பழைய அச்சம் முழுவதும் திரும்பிவிட்டது! அச்சத்தின் நினைவு எவ்வளவு சிறிய வாயில் வழியாகவும் உட்புக வல்லது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இரண்டு குழந்தைகள்

நாய்க்கு உண்டான இது குழந்தைக்கும் உண்டாகுமா? 1920இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் வாட்சன் என்பாரும் ரோசாலி ரேனர் என்பாரும் ஒரு சோதனையை வெளியிட்டனர். ஆல்பர்ட் என்னும் பெயரால் அவர்கள் குறித்த குழந்தைக்குப் பதினொரு மாதம். வெள்ளெலியைக் கண்டு அது அஞ்சவில்லை. தொட்டு விளையாட முற்பட்டது. அது எலியைத் தொடும்போதெல்லாம் பின்னாலிருந்து இரும்புக் கம்பியில் சுத்தியலால் ஓங்கி அடித்தனர். சில முறைகளிலேயே எலியைக் கண்டவுடன் குழந்தை அழத் தொடங்கியது. பின்னர் முயல், நாய், மயிர்த்தோல் மேலாடை ஆகியவற்றைக் கண்டும் அழுதது. அவ்வச்சத்தைப் போக்காமலேயே குழந்தை அங்கிருந்து சென்றுவிட்டது. இரக்கமற்ற இச்சோதனையை இன்று எந்தப் பல்கலைக்கழகமும் அனுமதிக்காது.

நான்கு ஆண்டுகள் கழித்து, 1924இல், மேரி கவர் ஜோன்ஸ் என்னும் பெண்மணி இதற்கு மாற்று கண்டார். பீட்டர் என்று அவர் குறிப்பிட்ட சிறுவனுக்கு மூன்று வயதுகூட நிறையவில்லை, முயலென்றால் நடுங்குவான். அவன் தனக்குப் பிடித்த உணவை உண்ணும்போது முயலைத் தொலைவில் வைத்தார். நாள்தோறும் சற்றுச் சற்றாக அருகில் கொணர்ந்தார். முயலுக்கு அஞ்சாத பிற குழந்தைகளையும் அவனுடன் விளையாடவிட்டார். முடிவில் அவன் ஒரு கையால் உண்டுகொண்டே மறுகையால் முயலைத் தடவினான். அடியால் அன்று, அதட்டலால் அன்று, இனிய ஒன்றின் துணையாலும் பொறுமையாலும் அச்சம் கரைந்தது.

1960களில் ராபர்ட் ரெஸ்கார்லா என்பவர் இக்கொள்கையை மேலும் நுட்பமாக்கினார். இரண்டும் சேர்ந்து வந்தால் மட்டும் போதாது. ஒன்று வந்தால் மற்றது வரும் என்பதற்கு முன்னறிவிப்பாகவும் இருக்க வேண்டும் என்று காட்டினார். உயிர்கள் எதிர்பார்க்கக் கற்றுக்கொள்கின்றன என்பதே அதன் சாரம்.

நம் நாட்டில் 1916இல் கல்கத்தாவிலும், 1924இல் மைசூரிலும், 1943இல் சென்னையிலும் பல்கலைக்கழக உளவியல் துறைகள் தோன்றின. ஆசிரியப் பயிற்சி பெறுவோர் அனைவரும் பாவ்லோவின் நாயைப் பற்றி எழுதித் தேர்ச்சி பெறுகின்றனர். ஆனால் தேர்வுத்தாளில் பாவ்லோவும் வகுப்பறையில் பிரம்புமாக எத்தனை ஆசிரியர்கள் வாழ்ந்துவிட்டனர்!

எழுத்தோடு பிரம்பு சேரும்போது

இனி நம் வீட்டுக்கு வருவோம். பிள்ளையை ஓத அனுப்பும் முதல் நாளை நம் முன்னோர் எவ்வளவு அழகாக அமைத்தனர்! புத்தாடை, நறுமணம், பிஸ்மில்லாஹ் சொல்லிக்கொடுத்தல், கூடியிருக்கும் பிள்ளைகளுக்கெல்லாம் இனிப்பு. ஓதி முடித்த நாளிலும் இனிப்பு. எழுத்தோடு இனிமையை இணைக்கும் இவ்வழக்கத்தைத் தொடங்கிய பெரியோர்கள் பாவ்லோவைப் படித்தவர்களல்லர். பிள்ளை மனத்தைப் படித்தவர்கள்.

ஆனால் முதல் நாளுக்கும் கடைசி நாளுக்கும் இடையே எத்தனை நாள்கள் இருக்கின்றன! அந்நாள்களில் எழுத்தோடு எது இணைகிறது என்பதே கேள்வி. ரெஹ்லைத் திறக்கும்போது ஓர் அடி. உச்சரிப்புத் தவறும்போது ஓர் அடி. அடி இயற்கைத் தூண்டல். அச்சம் இயற்கைத் துலங்கல். இடையில் நிற்கும் எழுத்து என்ன பாவம் செய்தது? வரிக்கயிற்றின் கதியே அதற்கும் நேர்கிறது. பிறகு அவ்வச்சம் எழுத்தோடு நிற்பதுமில்லை. ஓதும் பள்ளி, பாயின் மணம், உஸ்தாதின் தொப்பி, அஸர் நேரம் என்று பரவிக்கொண்டே போகிறது. ஓதும் நேரம் நெருங்கும்போது வயிறு வலிக்கிறதென்று சொல்லும் பிள்ளை பெரும்பாலும் பொய் சொல்வதில்லை. அதன் வயிறு உண்மையிலேயே வலிக்கிறது. மக்தபை விட்டபின் இருபதாண்டுகள் குர்ஆனைத் தொடாத இளைஞனைக் கண்டு வருந்துகிறோமே, அவனுள் எது எதனோடு இணைக்கப்பட்டது என்று எண்ணிப் பார்த்திருக்கிறோமா?

இது மேலைநாட்டார் சொன்ன புதுமையன்று. 1377இல் ‘முகத்திமா’வை எழுதிய இப்னு கல்தூன், மாணவரிடம் கடுமை காட்டுவது அவர்களுக்குத் தீங்கு விளைக்கும் என்பதற்கென்றே ஓர் அத்தியாயம் ஒதுக்கியுள்ளார். வன்மையில் வளர்க்கப்பட்ட பிள்ளையின் உள்ளம் சுருங்கிவிடுகிறது, சோம்பல் குடியேறுகிறது, கைக்கு அஞ்சி உள்ளொன்று வைத்துப் புறமொன்று பேசும் வஞ்சகம் பழக்கமாகி, பின் குணமாகவே ஆகிவிடுகிறது என்கிறார். கலீஃபா ஹாரூன் ரஷீத் தம் மகனின் ஆசிரியருக்குச் சொன்ன அறிவுரையையும் எடுத்துக்காட்டுகிறார். நெருக்கமும் மென்மையுமே முதல் வழி, கடுமை அவை பயனற்றபோது மட்டுமே என்பது அதன் கருத்து.

ஒரு வினா எழும். பத்து வயதில் தொழாத பிள்ளையை அடிக்கச் சொல்லும் நபிமொழி இல்லையா? உண்டு; அபூதாவூதில் பதிவாகியுள்ளது. ஆனால் அது ஏழு வயதில் தொடங்கி மூன்றாண்டுகள் சொல்லிச் சொல்லிப் பழக்கிய பின்னர் வருவது, தொழுகையைப் பற்றியது, ஐந்து வயதுப் பிள்ளையின் உச்சரிப்பைப் பற்றியதன்று. தவிர்க்கவியலாத இடத்திலும் ஆசிரியர் மூன்று அடிக்கு மேற்செல்லலாகாது என்று இப்னு அபீ ஸைத் எழுதியதையும் இப்னு கல்தூன் எடுத்துரைக்கிறார். அவர்கள் வகுத்தது எல்லை. நாம் அதை உரிமையாக்கிக்கொண்டோம். பத்தாண்டுகள் பணிவிடை செய்த சிறுவர் அனஸ் (ரலி) அவர்களிடம் நபி (ஸல்) அவர்கள் ஒருமுறைகூடச் ‘சீ’ என்று சொன்னதில்லை. கடுகடுப்பும் கல்நெஞ்சமும் இருந்திருந்தால் மக்கள் சூழ்ந்திராமல் கலைந்திருப்பர் என்று அந்த நபியிடமே இறைவன் 3ஆம் அத்தியாயம் 159ஆம் வசனத்தில் உணர்த்துகிறான். மக்கள் கலைவதன் காரணம் கருத்தன்று, அதனோடு சேர்ந்து வரும் கடுமை என்பது அதில் அடங்கியிருக்கிறதல்லவா?

நாட்டுச் சட்டமும் பேசியிருக்கிறது. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, பிள்ளைகளை உடலால் தண்டிப்பதையும் மனத்தால் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. 2012இல் கொண்டுவந்த திருத்தம், மதரஸாக்களுக்கும் வேத பாடசாலைகளுக்கும் அச்சட்டம் பொருந்தாது என்றது. சமயக் கல்வியின் தன்னுரிமையைக் காக்க வந்த விலக்கு அது; பிரம்புக்குத் தந்த உரிமச் சீட்டன்று. அச்சட்டத்தின் கண் எட்டாத இடத்தில் அல்லாஹ்வின் அச்சம் மேலும் விழித்திருக்க வேண்டும்.

மனிதன் நாயல்லனே, அவனுக்கு அறிவு உண்டே என்பர் சிலர். உண்மை. ஆனால் அறிவு முதிர்ந்தவரையே வஹ்ம் ஆட்டிவைக்கிறது என்று கஸ்ஸாலி (ரஹ்) கூறியிருக்க, முதிராத பிள்ளையால் என் செய்ய முடியும்? அடித்தது உஸ்தாத், எழுத்து அன்று என்று பிரித்தறியும் வலிமை அதற்கு இல்லை. ஆகவே பொறுப்பு பெரியவர்களையே சாரும்.

ஏற்கனவே அஞ்சிவிட்ட பிள்ளைக்கும் வழி அடைபடவில்லை. பீட்டரின் முயலை நினைவுகொள்க. தாயின் மடியருகில், பிள்ளைக்குப் பிடித்த தின்பண்டத்தோடு, நாளைக்கு ஒரு வரி போதும். அஞ்சாமல் ஓதும் பிள்ளைகள் உடனிருக்கட்டும். அச்சம் மீண்டும் தலைகாட்டினால் மனம் தளரவேண்டாம். அது அவ்வாறு திரும்பிப் பார்த்துத்தான் போகும். அவசரப்பட்டு ஒருநாள் அதட்டினால், கதவின் கீழ்க் கசிந்த அந்தச் சிறு நீர்போல எல்லாவற்றையும் அது மீட்டுக்கொண்டுவரும்.

ஆசிரியப் பெருமக்களே, பெற்றோர்களே! நாம் கற்பிக்கும் பாடம் ஒன்று. அதனோடு சேர்ந்து பிள்ளை கற்கும் பாடம் வேறொன்று. முன்னது மறந்துபோகலாம், பின்னது எளிதில் மறைவதில்லை. இறைவனின் சொல்லைக் கேட்டவுடன் நம் பிள்ளைகளின் உள்ளத்தில் நடுக்கத்திற்குப் பதில் இனிமை ஊறவேண்டுமானால், அவ்விரண்டையும் இன்றே நாம் இணைத்து வைக்கவேண்டும். வல்ல அல்லாஹ் தன் மறையை அவர்களின் நெஞ்சுக்கு வசந்தமாக ஆக்கிவைப்பானாக! ஆமீன்.